குதிரைக்குக் காலணி: நோகும் குளம்பை அறிந்து காத்தல்

'குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்' என்பது பழமொழி. ஏறியவன் விழுந்தாலும் பழி குதிரைக்கே என்பது உலக வழக்கு. இவ்வழக்கு பழமொழியோடு நின்றுவிடவில்லை. புல்தரையில் துள்ளி நடந்த குதிரை, சரளைக் கற்கள் பரவிய பாதைக்கு வந்தவுடன் தயங்கி நிற்கின்றது. அடியை அளந்து அளந்து வைக்கின்றது. கல்லை விட்டு ஓரத்து மண்ணை நாடி ஒதுங்குகின்றது. கண்டவர்கள் அதனைச் சண்டிக் குதிரை என்கின்றனர்; சாட்டையையும் ஓங்குகின்றனர். உண்மை வேறு. அதன் குளம்பு நோகின்றது. வாயில்லாச் சீவனாகிய குதிரைக்குத் தன் நோவை எடுத்துரைக்க நடையே மொழி. அம்மொழியைப் படிக்கத் தெரியாதவர் கையில் அது படும் துன்பம் கொஞ்சநஞ்சமன்று.

இரும்பு இலாடம் அடிக்காமல் வெறுங்குளம்போடு குதிரைகளை வளர்க்கும் முறை, கடந்த சில பத்தாண்டுகளில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் பலரால் மேற்கொள்ளப்பட்டு வருகின்றது. அத்தகைய குதிரைகளுக்குக் கல்லும் முள்ளும் உறுத்தாதிருக்க, வேண்டும்போது அணிவித்து, வேண்டாதபோது கழற்றிவிடத்தக்க ஒருவகைக் காலணி உண்டு. ஆங்கிலத்தில் 'ஹூஃப் பூட்' எனப்படும் அதனை, கையுறை, காலுறை என்பன போலக் 'குளம்புறை' எனலாம். இரப்பராலும் பாலியூரித்தேன் போன்ற செயற்கைப் பொருள்களாலும் செய்யப்பட்ட குளம்புறைகள் இன்று பலப்பல வடிவங்களில் விற்கப்படுகின்றன. இவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது? இவ்வினாவுக்கு விடை கடையில் இல்லை. குதிரையின் குளம்பிலேயே இருக்கின்றது.

ஒரு விரலின் மேல் நிற்கும் உயிர்

குதிரையின் குளம்பு வெறும் கட்டை போலத் தோன்றும். ஆனால் அஃது உயிருள்ள ஓர் உறுப்பின் கவசமாகும். மனிதனின் நடுவிரலுக்கு ஒப்பான ஒரே விரலின் நுனியில்தான் குதிரையின் ஒவ்வொரு காலும் நிற்கின்றது. அவ்விரல் நுனியைச் சுற்றி வளர்ந்த நகமே குளம்பு. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள உடலை நான்கு விரல் நுனிகள் தாங்குகின்றன. அவ்வெடையிலும் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு முன்னங்கால்களின் மேல் விழுகின்றது. குளம்பு நோவு பெரும்பாலும் முன்னங்கால்களில் முதலில் தோன்றுவதற்கு இஃது ஒரு காரணம்.

குளம்பை மூன்று பகுதிகளாகக் கொள்ளலாம். வெளியே தெரிவது குளம்புச் சுவர். அடியில், சுவருக்கு உட்புறமாக அமைந்திருப்பது அடித்தகடு. அதன் பின்பகுதியில் முக்கோண வடிவில், இரப்பர் போன்ற தன்மையுடன் அமைந்திருப்பது ஒரு மெத்தை. ஆங்கிலேயர் அதனைத் 'தவளை' என்றே அழைக்கின்றனர். சுவரில் நரம்பில்லை, ஆகவே அதனைச் சீவினாலும் வலியில்லை. ஆனால் அடித்தகட்டுக்கு மேலே, உள்ளே, குருதியும் நரம்பும் நிறைந்த தசைப்படலம் உள்ளது. அடித்தகடு தடித்திருந்தால் கல்லின் உறுத்தல் உள்ளே எட்டுவதில்லை. அது மெலிந்துவிட்டால், மெல்லிய செருப்பணிந்து சரளையில் நடப்பவன் படும் பாட்டைக் குதிரையும் படுகின்றது.

சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் இணைப்பவை, புத்தகத்தின் ஏடுகள் போல ஒன்றோடொன்று கோத்து நிற்கும் மெல்லிய மடிப்புகள். ஒரு குளம்பில் இத்தகைய முதன்மை மடிப்புகள் ஏறத்தாழ 600 உண்டு. குதிரையின் எடை முழுவதும் இவ்விணைப்பில்தான் தொங்குகின்றது என்றால் மிகையன்று.

குளம்புச் சுவர் மாதம் ஒன்றுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். மேலே மயிர் முடியுமிடத்தில் தோன்றும் புதுச்சுவர் முன்நுனியில் தரையைத் தொட, ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆகும். இந்தக் கணக்கை மனத்தில் இருத்தல் வேண்டும். பல ஆண்டு கெட்ட குளம்பு ஒரு வாரத்தில் திருந்திவிடாது. அது திருந்தும் காலமெல்லாம் குதிரை நோவின்றி நடப்பதற்கு வழி செய்வதே குளம்புறையின் தலையாய பணி.

முன்னோர் கண்ட வழிகள்

குளம்பைக் காக்கும் கவலை புதியதன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்க அறிஞர் செனபோன், இலாயத்திற்கு வெளியே கைப்பிடி அளவுள்ள உருண்டைக் கற்களைப் பரப்பி, அவற்றின் மேல் குதிரையை நிறுத்திக் குளம்பை உரமாக்கும்படி அறிவுறுத்தினார். அவர் காலத்துக் கிரேக்கர் ஆணியடித்த இலாடத்தை அறியார். உரோமானியப் பேரரசின் வடபகுதிகளில், இரும்புத் தகட்டை வாரால் குளம்போடு கட்டும் ஒருவகைக் காலணி வழங்கியது. பிரான்சிலும் பிரிட்டனிலும் அகழாய்வுகளில் அவை கிடைத்துள்ளன. நீரோ மன்னன் தன் கோவேறு கழுதைகளுக்கு வெள்ளியால் காலணி செய்வித்ததாக வரலாற்றாசிரியர் சுவெட்டோனியசு எழுதியுள்ளார். ஜப்பானியரோ அண்மை நூற்றாண்டுகள் வரை வைக்கோலால் பின்னிய செருப்பைக் குதிரைக்குக் கட்டினர். அது விரைவில் தேய்ந்துவிடும். தேய்ந்ததை எறிந்துவிட்டு வேறொன்றைக் கட்டிப் பயணத்தைத் தொடர்ந்தனர்.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் ஓரிடமுண்டு. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகளுள் மிகப் பல, பேணத் தெரிந்தோர் இன்மையால் மடிந்தன என்றும், குதிரைப் பிணியறிந்த இலாடக்காரர் எவரும் அந்நாட்டுக்குச் செல்லாதவாறு குதிரை வணிகர்களே தடுத்தனர் என்றும் கூறுகின்றார். அயல்நாட்டுப் பயணியின் கூற்றில் மிகை இருக்கலாம். ஆயினும், குதிரையை வாங்கும் செல்வத்தினும் அதனைப் பேணும் அறிவே பெரிது என்னும் உண்மை அதில் பொதிந்துள்ளது.

ஐரோப்பாவில் ஏறத்தாழ ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளிலிருந்து ஆணியடித்த இரும்பு இலாடம் பரவலாயிற்று. நெடுந்தொலைவு சுமையிழுக்கவும் போர்ப்படையில் ஓடவும் அது பேருதவி புரிந்தது. நரம்பில்லாத சுவரில் ஆணி ஏறுவதால், தேர்ந்தவர் கைப்பட்ட இலாடம் குதிரைக்கு வலி தருவதில்லை. ஆதலின் இலாடத்தைப் பகையாகக் கருதுதல் பொருந்தாது. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புல்வெட்டும் பொறியை இழுத்த குதிரைகளுக்குத் தோலால் செய்த காலணியை அணிவித்தனர். ஆனால் அது குதிரையின் நலம் கருதி அன்று. புல்தரையில் குளம்புத் தடம் பதியாதிருப்பதற்கே!

இக்காலக் குளம்புறை 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. நீல் கிளாசு என்பவர் ஆக்கிய 'ஈசிபூட்', இலாடம் வழியில் கழன்றுவிட்டால் மாற்றாக அணிவிக்கும் துணைக்கருவியாகவே முதலில் பலருக்கும் பயன்பட்டது. பின்னர் இலாடமே இன்றிக் குதிரைகளை வளர்ப்போர் பெருகவே, அதுபோன்ற உறைகள் பல உருவாயின. கலிபோர்னியாவில் 1955 முதல் நடைபெற்று வரும் தெவிசு கோப்பைப் பந்தயத்தில், சியரா நெவாடா மலையின் கற்பாதைகள் வழியே நூறு மைலை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். அக்கடும் பாதையைக் குளம்புறை அணிந்த குதிரைகளும் வெற்றியுடன் கடந்துள்ளன.

நோவின் காரணம் யாது?

காட்டில் திரியும் குதிரைக்கு இலாடமும் இல்லை, உறையும் இல்லையே. வீட்டுக் குதிரைக்கு மட்டும் ஏன்? இவ்வினா பலர்க்கும் எழும். இலாடக்காரராக இருந்த ஜெய்மி ஜாக்சன், 1980களில் அமெரிக்காவின் வறண்ட மேட்டுநிலத்தில் திரியும் முசுட்டாங்குக் குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்து, அவற்றின் உறுதியை 1992இல் நூலாக எழுதினார். ஆஸ்திரேலியாவில் குயின்சுலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அங்குள்ள காட்டுக் குதிரைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 16 கிலோமீட்டர் வரை நடப்பதைக் கண்டனர். வறண்ட தரையும் ஓயாத நடையும் குளம்பை உரமாக்குகின்றன. ஆயினும் அக்காட்டுக் குதிரைகளிலும் குளம்பு நோய் கண்டவை பல என்பதையும் அதே ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இயற்கை என்றாலே குறையற்றது என்று கொள்வதற்கில்லை.

வீட்டுக் குதிரையின் நிலையோ வேறு. ஈரப் புல்வெளியில் நின்று அதன் குளம்பு மென்மையாகின்றது. கொட்டிலில் நெடுநேரம் நிற்பதால் குளம்பின் பின்பகுதி வலுப்பெறுவதில்லை. இலாடம் கழற்றிய புதிதில் அடித்தகடு மெலிந்திருக்கும். குளம்பு திருத்துபவர் அழகு கருதி அடித்தகட்டையும் சீவிவிட்டால் நோவு மேலும் மிகும். இத்தகைய நோவுக்கெல்லாம் குளம்புறை நல்ல துணையே.

ஆனால் உறையால் மறைக்கக்கூடாத நோவுகளும் உண்டு. ஒரே காலில் திடீரெனக் கடுமையான நொண்டல் தோன்றினால், குளம்பினுள் சீழ் கட்டியிருக்கக்கூடும். குளம்பு சூடாகி, அதற்கு மேலுள்ள நாடி வலுவாகத் துடித்து, முன்னங்காலின் பாரத்தைக் குறைக்கக் குதிரை பின்னோக்கிச் சாய்ந்து நின்றால், அது 'இலாமினைட்டிசு' எனப்படும் கொடிய நோயின் அறிகுறியாகும். முன்னர்க் கூறிய ஏடு போன்ற மடிப்புகள் சிதைந்து, உள்ளெலும்பு தன் நிலையினின்றும் பிறழ்வதற்கு இந்நோய் காரணமாகலாம். கொழுத்த குதிரை சர்க்கரைச் சத்து மிகுந்த புல்லை அளவின்றி மேய்ந்து, உடலில் இன்சுலின் மிகுவதால் இது வருவது மிகுதி. இத்தகைய குதிரைக்கு முதலில் வேண்டுவது கடைக்காரர் அன்று; கால்நடை மருத்துவரே. தீனியை மாற்றாமல் உறையை மட்டும் மாற்றுவது, கசியும் கூரையின் கீழ்ப் பாத்திரத்தை மாற்றி வைப்பது போன்றது.

அளந்து அறிதல்

காரணம் தெளிந்த பின்னரே அளவு. இங்கே பலர் செய்யும் பிழை, குளம்பைத் திருத்துவதற்கு முன்னரே அளப்பதாகும். ஓரம் விரிந்து வளர்ந்த குளம்பு, உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். அதற்கேற்ப உறை வாங்கினால், திருத்திய மறுநாளே அது தொளதொளத்துப் போகும். ஆகவே முதலில் முறையாகத் திருத்தி, அதன்பின் ஒருசில நாள்களுக்குள் அளத்தல் வேண்டும்.

குளம்பைத் தூக்கி, அழுக்கை நீக்கி, மில்லிமீட்டர் குறித்த அளவுகோலை அடியில் வைத்து இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். ஒன்று அகலம்: குளம்பின் மிக அகன்ற இடத்தில், ஒரு புறச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து மறு புறச்சுவரின் வெளி விளிம்பு வரை. மற்றொன்று நீளம்: முன்நுனியிலிருந்து, சுவர் பின்புறம் தரையைத் தொட்டு முடியும் இடம் வரை. அதற்கும் பின்னே புடைத்திருக்கும் மென்மையான குதிமேட்டை இவ்வளவில் சேர்த்தல் கூடாது.

ஒவ்வொரு குளம்பையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். முன்குளம்பு வட்டமாகவும் பின்குளம்பு சற்று நீண்டும் இருப்பது இயல்பு. இடமும் வலமும்கூட ஒத்திருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு குதிரையின் இடது முன்குளம்பு 128 மி.மீ. அகலமும் 130 மி.மீ. நீளமும் உடையது என்றும், வலது குளம்பு 123 மி.மீ. அகலமும் 131 மி.மீ. நீளமும் உடையது என்றும் கொள்வோம். ஐந்து மில்லிமீட்டர் என்ன பெரிது என்று எண்ணலாகாது. குளம்போடு ஒட்டிப் பொருந்தும் உறைகளில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வேற்றுமையே சில மில்லிமீட்டர்தான். இக்குதிரைக்கு இருகாலுக்கும் இருவேறு அளவுகள் தேவைப்படலாம். வலது குளம்பு அகலத்தினும் நீளம் மிகுந்தது. ஆதலின் அதற்கு நீள்வடிவ உறை ஏற்றது. செய்வோர் ஒவ்வொருவரும் தத்தம் அளவுப் பட்டியலை வெளியிடுகின்றனர். ஒருவர் பட்டியலைக் கொண்டு மற்றொருவர் உறையை வாங்குதல் தவறு.

பயன் நோக்கித் தெரிதல்

அளவுக்கு அடுத்தது பயன். குளம்புறைகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, குளம்போடு ஒட்டி, குதிமேட்டுக்கு மேலே செல்லாமல் தாழ்வாக அமைவது. இது எடை குறைந்தது. நெடுந்தொலைவு விரைந்து செல்வோர்க்கு ஏற்றது. ஆனால் பொருத்தம் மிகச் சரியாக இருத்தல் வேண்டும். இரண்டாம் வகை, குதிமேட்டையும் சூழ்ந்து வாராலோ கொக்கியாலோ கட்டப்படுவது. அளவில் சிறிது வேற்றுமை இருப்பினும் இது பொறுத்துக்கொள்ளும். வாரம் ஓரிரு முறை மெதுவாக உலவுவோர்க்குப் போதுமானது. மூன்றாம் வகை நோயுற்ற குதிரைக்கானது; தடித்த அடியும் மென்மெத்தையும் உடையது. கொட்டிலிலும் மேய்ச்சலிலும் அணிவிக்கத்தக்கது. ஏறிச் செல்வதற்கு உரியதன்று.

அடிப்பகுதியின் வரிகளையும் நோக்க வேண்டும். ஆழ்ந்த வரிகள் சேற்றில் பிடிப்புத் தரும். ஆயினும் கெட்டித் தரையில் காலைச் சட்டெனப் பிடித்து மூட்டுக்கு அதிர்ச்சி தரக்கூடும். வழவழப்பான அடி ஈரப்புல்லில் வழுக்கும். முன்நுனி சற்று உருண்டு மேல்நோக்கி அமைந்த உறையில் குதிரை அடியை எளிதில் பெயர்த்து வைக்கும்.

பொருத்தம் காணல்

உறை வந்துவிட்டது, இனி அதனை ஆராய்தல் வேண்டும். ஒட்டிப் பொருந்தும் வகை, எவ்விதத் தடையுமின்றி வழுக்கிக்கொண்டு ஏறினால் அது பெரிது என்பது பொருள். கையால் முறுக்கிப் பார்க்கும்போது குளம்பை விட்டு உறை மட்டும் தனியே சுழலுதல் ஆகாது. குளம்பின் முன்நுனி உறையின் முன்நுனி வரை சென்று அமர்ந்திருத்தல் வேண்டும். உறையின் மேல்விளிம்பு, மயிரும் குளம்பும் சந்திக்கும் கோட்டை அழுத்துதல் கூடாது. புதுச்சுவர் பிறக்கும் இடம் அதுவே.

அடுத்துக் குதிரையை நடத்திப் பார்க்க வேண்டும். புறப்படுமுன் உறையின் மேல்விளிம்பு குளம்பில் எங்கே நிற்கின்றது என்று சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டுக்கொள்ளலாம். நேராகவும், இருபுறம் வட்டமாகவும், பின்னர்ச் சரிவிலும் நடத்தி, மீண்டும் நோக்கினால், உறை நகர்ந்ததா இல்லையா என்பதை அக்கோடே சொல்லிவிடும். பெரிய உறை திரும்பிக்கொள்ளும். ஓட்டத்தின் நடுவே கழன்று காலில் தொங்கினால் குதிரை வெருண்டோடும். சிறிய உறையோ குதிமேட்டைக் கவ்விப் புண்ணாக்கும். முதல் நாள் பதினைந்து, இருபது நிமிடங்கள் போதும். கழற்றியதும் மயிர் கலைந்துள்ளதா, தோல் சிவந்துள்ளதா என்று விரலால் தடவிப் பார்த்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுதல் நன்று.

எல்லாவற்றினும் மேலான சான்று நடையே. நலமான குதிரை பெரும்பாலும் குதியை முதலில், அல்லது குளம்பு முழுவதையும் ஒருங்கே தரையில் வைக்கும். நோகும் குதிரை முன்நுனியை முதலில் ஊன்றிக் குறுகிய அடி வைக்கும். உறை அணிந்த பின் அடி நீண்டு, குதி முதலில் படிந்தால், தேர்வு சரியானது. அணிந்த பின்னும் அடி நீளவில்லையெனில், குறை உறையிலா, குளம்பிலா, நோயிலா என்று மீண்டும் முதலிலிருந்து ஆராய்தல் வேண்டும்.

அணிவித்த பின்

அடித்தகடு மிக மெலிந்த குதிரைக்கு, உறையினுள் நுரைமெத்தை வைப்பது வழக்கம். மெத்தைக்கும் இடம் வேண்டுமாதலின், அளவு தெரியும்போதே அதனைக் கருதுதல் நலம். மெத்தை நாளடைவில் நசுங்கிப் பயனற்றுப் போகும். அவ்வப்போது மாற்ற வேண்டும். உறையை நாள்தோறும் கழற்றிக் கழுவி உலர்த்த வேண்டும். ஈரமும் அழுக்கும் அடைபட்டால் 'தவளை'யின் பள்ளங்களில் கருநிறக் கசிவும் துர்நாற்றமும் உடைய அழுகல் தோன்றும். உறையினுள் புகுந்த சிறு மணலும் அரம் போல் தோலை அராவும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைத் திருத்தாவிடின், நேற்றுப் பொருந்திய உறை இன்று இறுகும்.

குளம்புறை அணிந்து நோவின்றி நடக்கும் குதிரை, குதியை ஊன்றி நடக்கின்றது. அந்நடையால் குளம்பின் பின்பகுதியில் உள்ள மெத்தைத் திசுக்கள் வலுவடைகின்றன. பயன்பாட்டால் அத்திசுக்கள் வளர்ந்து உரம்பெறுதலை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அறிஞர் இராபர்ட் பௌக்கரின் ஆய்வுகள் சுட்டிக்காட்டின. ஆகவே நல்ல உறை குளம்பைக் காப்பதோடு, குளம்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளவும் உதவுகின்றது. சில குதிரைகளுக்கு ஓராண்டில் உறை வேண்டாததாகிவிடும். சிலவற்றுக்குக் கல் பாதையில் என்றும் வேண்டியிருக்கும். வேறு சிலவற்றுக்கு இரும்பு இலாடமே ஏற்றதாகவும் அமையும். இவற்றுள் எதுவும் இழுக்கன்று. குதிரை நோவின்றி நடக்கின்றதா என்பதே கேள்வி.

நோவைச் சொல்லத் தெரியாத உயிரிடம், சொல்லாமலே அறிந்துகொள்ளும் பொறுப்பு மனிதனுக்கு உரியது. கல்லைக் கண்டு தயங்கும் குதிரையின் முன் சாட்டையை ஓங்குவதற்கு முன்னர், குனிந்து அதன் குளம்பைத் தூக்கிப் பார்ப்பவனே குதிரையை வளர்க்கத் தகுதியுடையவன்.